அழகுக்காகப் பானெட்டை வெட்டலாமா?

கேள்வி: என் தந்தையார் வாங்கிய கான்டெசா கிளாசிக் கார் இன்றும் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் அமெரிக்க மஸ்டாங், செவெல் கார்களைப் போலப் பானெட்டில் பெரிய ஸ்கூப் (காற்றை உள்ளே இழுக்கும் மேடான திறப்பு) வைத்து, காற்றுப் பிளவுகள் வெட்டி, மேட் கறுப்பு (பளபளப்பில்லாத கறுப்பு) அடிக்க விரும்புகிறேன். நடைமுறையில் தொல்லை ஏதும் வருமா?
– வாசகர், தக்கலை

பதில்: வரும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சற்றுக் கூடுதலாகவே வரும்.

அந்தக் கார்களில் ஸ்கூப் என்பது வெறும் அலங்காரத் தகடு அன்று. ஓடும் காரின் முன்கண்ணாடி அடிப்பகுதியில் காற்றழுத்தம் மிகுதி என்பதால், செவெல் எஸ்எஸ் காருக்குக் கிடைத்த 'கவுல் இண்டக்‌ஷன்' பானெட்டில் கண்ணாடியைப் பார்த்துத் திறக்கும் ஒரு மூடியை வைத்தார்கள்; ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது மட்டும் அது திறந்து, மற்ற நேரங்களில் மூடியே இருக்கும். மஸ்டாங்கின் 'ஷேக்கர்' ஸ்கூப்போ பானெட்டில் பொருத்தப்பட்டதே இல்லை. எஞ்சின் மேலுள்ள ஏர் கிளீனரோடு இணைந்து, பானெட்டின் திறப்பு வழியே வெளியே தெரிந்து, எஞ்சினோடு சேர்ந்து அதிரும். இந்த ஏற்பாடுகள் இல்லாமல் தகட்டை மட்டும் வெட்டினால் உங்களுக்குக் கிடைப்பது ஓர் ஓட்டைதான்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் அந்த ஓட்டை என்ன செய்யும் என்று பாருங்கள். இரவு முழுவதும் இறங்கும் நீர் ஏர் ஃபில்டர் மூடியில் தெறித்து, சிலிண்டர்களுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரமாகப் படிந்தால், காலையில் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் ஒரு சிலிண்டர் அடிக்காமல் திணறும். அதைவிடக் கொடியது துரு. வெட்டிய விளிம்பைப் பட்டி (புட்டிப் பசை) போட்டு மறைத்துப் பெயின்ட் அடித்தபின், குளச்சல், முட்டம் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டியாக இருந்தால், உப்புக்காற்று அந்த விளிம்பைத்தான் முதலில் பிடிக்கும். கடுகளவு கொப்புளம் ஒன்று தோன்றும். நகத்தால் கீறினால் பெயின்ட் உரிந்து, உள்ளே செம்பழுப்புத் தூள் இருக்கும். பானெட்டின் அடியிலுள்ள சட்டத்தையும் சேர்த்து வெட்டிவிட்டால், வேகத்தில் தகடு அதிரத் தொடங்கி, பட்டியும் வெடித்துவிடும்.

பிளவுகள் வெப்பத்தை வெளியேற்றும் என்பது உண்மையே. ஆனால் அவற்றைக் கண்ணாடிக்கு அருகில் வெட்டினால், மேலே சொன்ன அழுத்தத்தால் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே புகக்கூடும். ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் ஒழுங்காக இருந்தால் உங்கள் 1.8 லிட்டர் எஞ்சினுக்குப் பிளவே தேவையில்லை.

உயரமான ஸ்கூப் பார்வையை மறைக்கும். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ஏற்ற இறக்கமும் வளைவுமான சாலைகளில், எதிரே வரும் இருசக்கர வாகனம் அரை நொடி தாமதமாகத் தெரிவதும் ஆபத்துதான். மேட் கறுப்பைப் பாலிஷ் போட்டு மீட்க முடியாது. கீறல் விழுந்தால் முழுவதும் திரும்ப அடிக்க வேண்டும். மேலும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தந்தையார் வாங்கிய காரின் அசல் பானெட்டில் தயவுசெய்து கத்தி வைக்காதீர்கள். ஆசை விடாது என்றால், பழைய பானெட் ஒன்றைத் தேடி வாங்கி அதில் செய்து பாருங்கள்.

கேள்வி: ஃபைபர் கிளாஸ் பானெட் போட்டால் துருத் தொல்லை தீருமே?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: துரு தீரும். ஆனால் பழைய இரும்புப் பானெட்டின் பாரத்துக்காக அமைந்த கீல் ஸ்பிரிங் அப்படியே இருந்தால், எடை குறைந்த ஃபைபர் வளைந்து விரிசல் விடும். 1969ஆம் ஆண்டின் அமெரிக்க டாட்ஜ் சூப்பர் பீ காரின் 'சிக்ஸ் பேக்' வகையில் கீலே இல்லாமல் நான்கு பின்களால் (ஊசிப் பூட்டுகளால்) மட்டும் பானெட்டைப் பிடித்திருந்தார்கள். ஆயில் பார்க்கவும் அதை முழுதாகத் தூக்கி இறக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. நீங்களும் அப்படிப் பின்கள் வைப்பதானால், ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு பின்னையும் கையால் இழுத்துப் பாருங்கள்.