திரும்பிப் போனால் யார் பொறுப்பில்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

டொரன்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் சோமாலியப் பெண் ஒருவர் எனக்கு நல்ல தோழி. கைக்குழந்தையாக இங்கே வந்தவர். "குலம் எல்லாம் எங்கள் அப்பா காலத்தோடு போயிற்று" என்பார். இப்போது அவருடைய தம்பி சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் ஒரு அமைச்சகத்தில் வேலை கிடைத்துப் போகிறான். தோழிக்கும் போக ஆசை. "நீ அங்கே யார் பொறுப்பில் இருப்பாய்?" என்று அவருடைய அம்மா கேட்கிறாராம். தம்பியிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கவே இல்லை.

ஒரே மொழி, ஒரே மதம் உள்ள மக்களுக்குள் குலம் எதற்கு? நம் சாதி மாதிரிதானா? இங்கே சுதந்திரமாக வளர்ந்த பெண்கள் அங்கே திரும்ப நினைப்பது பின்னோக்கிப் போவதாகாதா? கடைசியாக ஒன்று: தோழியிடம் அவருடைய குலம் எது என்று கேட்கலாமா?

– ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தோழிக்கு,

அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்டதும், பெண்ணைக் கட்டிப்போடும் பழைய மனசு என்றுதான் நமக்குத் தோன்றும். எனக்கு அது மிகவும் நடைமுறையான கேள்வியாகப் படுகிறது. 1991 ஜனவரியில் சர்வாதிகாரி சியாத் பாரேயின் ஆட்சி விழுந்தபோது போலீஸ், நீதிமன்றம், ராணுவம் எல்லாம் கூடவே போயின. அதற்கப்புறம் ஒருவரை யாராவது கொன்றால், போய்க் கேட்பதற்கு இருந்தது அவருடைய குலம் மட்டும்தான். கொன்றவனின் குலம் ஈடு கட்ட வேண்டும். ஆணுக்கு நூறு ஒட்டகம், பெண்ணுக்கு ஐம்பது என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. அதை இப்போது பணமாகவும் கட்டுகிறார்கள். அந்த வசூலுக்கான போன் லண்டனுக்கும் மினியாபொலிசுக்கும் வரும். அங்கே டாக்சி ஓட்டும் ஒருவர், முகமே பார்த்திராத சொந்தக்காரன் ஒருவன் செய்த கொலைக்குத் தன் பங்கை அனுப்புவார். நாளைக்கு அவரே ஊருக்குப் போய் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டால், அவருக்காகப் பேச வருகிறவர்களும் அதே சொந்தக்காரர்கள்தான். கனடா பாஸ்போர்ட் விமான நிலையம் வரைக்கும்தான் கைகொடுக்கும்.

சாதி மாதிரியா என்றால், பெரிய குலங்களுக்குள் அப்படி இல்லை. தரோத், ஹவியே, தீர், ரஹன்வெய்ன் என்ற நான்குக்கும் இடையே ரத்தம் சிந்திய பகை உண்டு, ஆனால் தீட்டு கிடையாது. பெண் கொடுத்து எடுப்பார்கள். மேய்ச்சல் வாழ்க்கையில் தூரத்துக் கிணற்றுப் பக்கம் ஒரு சம்பந்தி இருப்பது லாபம். சாதி போன்ற ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதற்கும் கீழே போக வேண்டும். தோல் வேலை, இரும்பு வேலை செய்துவந்த மதிபான், துமால் பிரிவினரோடும், விவசாயம் செய்யும் பாண்டு மக்களோடும் மற்றவர்கள் கல்யாண உறவு வைத்துக்கொள்வதில்லை. மீறுகிற ஜோடிகளுக்கு வெளிநாட்டிலும் குடும்பம் கதவை மூடுகிறது.

2000-ல் பக்கத்து நாடான ஜிபூட்டியின் ஆர்த்தா நகரில் கூடிய சமாதான மாநாடு, நான்கு பெரிய குலங்களுக்கும் சம பங்கு, மிச்சம் உள்ள எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு என்று நாடாளுமன்றத்தைப் பிரித்தது. இதற்கு 4.5 சூத்திரம் என்று பெயர். தற்காலிகம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். 2022 தேர்தல் வரைக்கும் அதே கணக்குதான். உங்கள் தோழி சுலபமாகக் குலத்தை மறக்கிறார் என்றால், அவர் அந்த அரைப் பங்கில் பிறந்தவராக இருக்க வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களை மறக்க விடமாட்டார்கள்.

குலத்தைச் சட்டம் போட்டு ஒழிக்கவும் பார்த்தார்கள். 1969-ல் ராணுவப் புரட்சியில் வந்த பாரே, குலத்தைக் கேட்பதையே குற்றமாக்கினார். மக்கள் அதற்கும் வழி கண்டுபிடித்து, "உன் முன்னாள் என்ன?", அதாவது முன்னாள் குலம் எது, என்று கேட்டுக்கொண்டார்கள். 1975-ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சொத்துரிமை தரும் குடும்பச் சட்டம் வந்தது. எதிர்த்துப் பேசிய மத அறிஞர்கள் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிலிருந்து பெண்ணுரிமை என்றால் சர்வாதிகாரியின் சரக்கு என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று பெண்களுக்காகப் பேசும் சோமாலியர்கள் அந்தக் கடனையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். பாரேயோ கடைசியில் தன் சொந்தக் குலத்தையும் தாய்வழி, மருமகன் வழிக் குலங்களையும் நம்பித்தான் ஆட்சி நடத்தினார். அவருடைய விமானங்கள் 1988-ல் வடக்கே உள்ள ஹர்கெய்சா நகரத்தின் மீது குண்டு போட்டன. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் இசாக் குலத்தவர். 4.5 கணக்கில் இவர்களைத் தீரோடு சேர்த்து எண்ணுகிறார்கள்.

சரி, தம்பிக்கு வராத கேள்வி அக்காவுக்கு ஏன் வருகிறது?

சோமாலியப் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பெயரை மாற்றுவதில்லை. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று அப்படியே இருக்கும். சாகும்வரை அப்பாவின் குலம். பெறுகிற பிள்ளைகள் கணவனின் குலம். 1962-ன் குடியுரிமைச் சட்டமும் குடியுரிமையை அப்பா வழியாகத்தான் பார்க்கிறது. அமைதியான காலத்தில் இது அவளுக்குப் பலம், இரண்டு வீட்டிலும் அவளுக்குப் பேச்சு உண்டு. சண்டை வந்தால் இரண்டு வீட்டிலும் அவள் மேல் சந்தேகம். சமாதானத்துக்காக உழைத்த ஆஷா ஹாஜி எல்மி பிறந்தது ஒரு குலத்தில், வாழ்க்கைப்பட்டது சண்டையில் எதிர்ப்பக்கம் நின்ற குலத்தில். ஆர்த்தாவில் நான்கு பெரிய குலங்களும் சிறுபான்மையினரும் என்று ஐந்து தரப்பு உட்கார்ந்திருந்தபோது, அவரும் மற்ற பெண்களும் தங்களை ஆறாவது குலம் என்று அறிவித்து இடம் கேட்டார்கள், வாங்கவும் செய்தார்கள். குலத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் அங்கே வாதாடவில்லை. குலமாக இருந்தால்தான் நாற்காலி உண்டு என்றால் நாங்களும் ஒரு குலம் என்றார்கள். எனக்குத் தெரிந்து அந்த நாட்டு அரசியலில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான காரியம் நடந்ததில்லை.

ஆனால் நாற்காலி கிடைத்ததோடு பிரச்சினை தீரவில்லை. 2016 தேர்தலில் 135 குல மூத்தவர்கள், அத்தனை பேரும் ஆண்கள், வாக்காளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தொகுதிக்கு 51 பேர், 275 தொகுதிகள், மொத்தம் 14,025 ஓட்டு. அந்த மூத்தவர்கள் போடும் கணக்கு இது: நம் பங்குக்கு வருவதே சில இடங்கள், அதில் ஒன்றைப் பெண்ணுக்குக் கொடுத்தால், அவள் நமக்கு உழைப்பாளா, புருஷன் குலத்துக்கு உழைப்பாளா? பெண்களுக்கு 30 சதவீதம் என்று பேசியிருந்தும் கிடைத்தது 24 சதவீதம். அடுத்த தேர்தலில் அது சுமார் 20-க்கு இறங்கியது. தனி நாடு என்று தானே அறிவித்துக்கொண்டு, ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று தேர்தல் நடத்துகிற வடக்குப் பகுதியான சோமாலிலாந்தில் நிலைமை இன்னும் மோசம். 2021-ல் 82 இடத்துக்கு நடந்த தேர்தலில் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை.

தம்பியின் கதை வேறு. வெளிநாட்டு வாழ்க்கையில் அதிகம் சரிந்தது சோமாலிய ஆண்கள்தான். ஊரில் அதிகாரியாக இருந்தவர் டொரன்டோவின் டிக்ஸன் ரோடு அடுக்குமாடியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் எல்லாவற்றையும் மனைவி ஓடி ஓடிப் பார்த்துக்கொள்வார். கூடவே பெண்கள் சேர்ந்து நடத்தும் 'ஆயுதோ', நம் சீட்டு மாதிரியேதான். அதில் எடுத்த பணம் கடைக்கு முன்பணமாகும், ஊரில் இருக்கும் தாய்க்கு மருத்துவச் செலவாகும். வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் சோமாலியாவுக்குப் போகிறது. அந்தப் பணத்தில் பெண்களின் பங்கு பெரியது, ஆனால் ஊர்க் கூட்டத்தில் அவர்களுக்குப் பேச்சு கிடையாது. ஆண் திரும்பிப் போனால் இழந்த மரியாதை அவனுக்காகக் காத்திருக்கும். ஃபர்மாஜோ அமெரிக்காவின் பஃபலோ நகரில் மாநிலப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர். திரும்பிப் போய் 2017-ல் அதிபராகவே ஆனார். பின்லாந்தில் அகதியாகப் போய் ஆளான ஃபாதுமோ தாயிப் அதே பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். குலக் கணக்கில் நடக்கிற தேர்தல் என்று சொல்லிக் கடைசியில் விலகிக்கொண்டார்.

போன பெண்கள் சாதித்திருக்கிறார்கள். எட்னா அடான் இஸ்மாயில் தன் ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் கொட்டி 2002-ல் ஹர்கெய்சாவில் பிரசவ மருத்துவமனையைத் திறந்தார். அவருடைய அப்பா ஊரறிந்த டாக்டர். அந்தப் பெயரும் கூடவே வேலை செய்தது, அதை அவருடைய உழைப்பிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. கனடாவில் வளர்ந்த பத்திரிகையாளர் ஹோடன் நலாயே, ஊரைப் பற்றி நல்ல செய்திகளையும் உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று போனவர். 2019 ஜூலையில் கிஸ்மாயோ நகர ஓட்டல் மீது அல் ஷபாப் தீவிரவாத இயக்கம் நடத்திய தாக்குதலில் கணவரோடு சேர்ந்து கொல்லப்பட்டார். அந்த அம்மா கேட்கும்போது மனதில் இதெல்லாமும் ஓடியிருக்கும்.

பின்னோக்கிப் போவதா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே என்றால் சுதந்திரம், அங்கே என்றால் அடிமைத்தனம் என்று நீங்கள் பிரித்துக்கொள்கிறீர்கள். அந்தப் பிரிப்பு உங்கள் தோழியின் தலைமுறைக்குப் பொருந்தாது. எழுபதுகளின் மொகதிஷுவில் தலையை மூடாமல் கல்லூரிக்குப் போன பெண்களின் பேத்திகள் இன்று டொரன்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் முழு ஹிஜாபில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் குலத்தை மறுப்பதே மதத்தை வைத்துத்தான். நான் முஸ்லிம், குலம் எனக்கு எதற்கு என்பார்கள். பெண்ணுறுப்புச் சிதைப்பைக்கூட, இது குர்ஆனில் இல்லை, வெறும் வழக்கம் என்று சொல்லித்தான் பாட்டிகளிடம் மல்லுக்கு நிற்கிறார்கள். மேற்கத்தியப் பெண்ணியம் செல்லாத சபையில் இந்த வாதம் செல்லும். அதே மதம் வேறு விஷயங்களில் அவர்களை இறுக்கவும் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கனடாவில் வெள்ளைக்காரர் முன்னால் கறுப்பர், மற்றக் கறுப்பர் முன்னால் முஸ்லிம், வீட்டில் பெண் என்று வாழ்கிற ஒருத்திக்கு, தன்னை யாரும் விளக்கச் சொல்லாத ஒரு தெருவில் நடக்க ஆசை வருவதில் பின்னோக்கு எதுவும் இல்லை.

கடைசிக் கேள்வி. குலம் எது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சோமாலியருக்கு வெளியே ஒருவர் அதைக் கேட்டால், எந்தப் பக்கம் நின்று கொன்றாய் என்று கேட்பது போலவும் அது விழக்கூடும். தம்பிக்கு அந்த வேலையை யார் பார்த்துக் கொடுத்தார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். சொல்ல விரும்பினால் மிச்சத்தை அவரே சொல்வார்.