மிக்ஸி ஓடும் நேரம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 37 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. கல்யாணத்துக்கு முன் ஆறேழு சிறுகதைகள் எழுதினேன். இரண்டு சிற்றிதழில் வந்தன. ஒரு நாவல் 140 பக்கத்தில் நிற்கிறது. கடைசியாக அதைத் திறந்து பார்த்தது போன வருடம் ஆடி மாதம்.

மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. அம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை, முட்டிவலி. வீட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் பையன் முதுகில் ஏறிக்கொள்கிறான். இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. சரி, விடியற்காலையில் எழுதலாம் என்று நாலரைக்கு எழுந்து பார்த்தேன். வீட்டில் அதற்கும் முன்பே எழுந்துவிடுகிறார்கள். ஐந்து மணிக்கு மிக்ஸி ஓட ஆரம்பித்ததென்றால் எனக்கு ஒரு வரி ஓடுவதில்லை. அமைதியாக ஒரு மணி நேரம் கிடைக்கமாட்டேன் என்கிறது.

என் கேள்விகள்: எழுதுவதற்குக் காலை நல்லதா, இரவு நல்லதா? மொபைலில் எழுதினால் கதையின் தரம் குறையுமா? குழந்தைகள் வளரும்வரை நாவலை ஓரமாக வைத்துவிட்டுச் சிறுகதை மட்டும் எழுதினால் நாவல் செத்துவிடுமா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

க., ஓசூர்

---

அன்புள்ள க.,

மூன்றாவதுதான் முக்கியம் என்கிறீர்கள். அதற்கு வருகிறேன். வருவேன் என்றுதான் நினைக்கிறேன். முதல் இரண்டையும் முதலில் தள்ளிவிடலாம்.

காலையா, இரவா? எப்போது விழித்திருக்கிறீர்களோ அப்போது. இதை யாரிடமும் இனிமேல் கேட்காதீர்கள்.

மொபைலா? வை.மு. கோதைநாயகி அம்மாள் முதன்முதலில் ஒரு நாடகம் இயற்றியபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. பட்டம்மாள் என்ற தோழி பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார், இவர் வாயால் சொன்னார். அப்படித் தொடங்கியவர் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தி, 115 நாவல் எழுதினார். மொபைலில் எழுதுங்கள், மளிகைக் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதுங்கள். கதைக்கு அதெல்லாம் தெரியாது.

இப்போது அந்த மிக்ஸி.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் மிக்ஸியில் தடுக்கி விழுந்தேன். ஒரு மிக்ஸி எவ்வளவு நேரம் ஓடும் தம்பி? சட்னிக்கு இரண்டு நிமிடம். இட்லிப் பொடியாக இருந்தால் நாலு நிமிடம், நடுவில் மூடியைத் தட்டிவிட்டு இன்னொரு சுற்று. மீதி 55 நிமிடம் என்ன ஆயிற்று? அந்தச் சட்னி யாருக்கு? ஏழு வயதுப் பெண்ணுக்கும் மூன்று வயதுப் பையனுக்கும் சர்க்கரைக்கார அம்மாவுக்கும், பிறகு ஏழு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புகிற ஒரு நாவலாசிரியருக்கும். அரைத்துவிட்டு அவரும் கிளம்பிப் போய் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை மேய்க்க வேண்டும். அந்தச் சத்தம் உங்களுக்கு இலக்கியத்தின் எதிரியாகக் கேட்கிறது.

இன்னொன்று. ‘வீட்டில் ஆசிரியையாக இருக்கிறார்கள்’, ‘வீட்டில் எழுந்துவிடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், தெரியும். நானும் நாற்பது வருடம் அப்படித்தான் பேசினேன். ‘வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க’ என்று ஆபீசில் சொல்வோம். வீடு எங்கே ஊருக்குப் போகும்? ஓர் ஆளை ஏழாம் வேற்றுமையாக்கி, வெறும் இடமாக்கி வைத்திருக்கிறோம். இடத்துக்கு எதற்குத் தூக்கம்? இடம் எழுந்தால் எழுதுகிறவனுக்குத் தொந்தரவு, அவ்வளவுதான்.

கோபப்படாதீர்கள். உங்களைத் திட்டுகிற சாக்கில் நான் வேறு ஓர் ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

1987-இல் திருச்சி உறையூரில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, மூன்று குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு குழாயடி. பெரியவளுக்கு ஒன்றரை வயது. எனக்கு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, டிரங்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் அட்டையை வைத்து எழுதுவேன். அறையில் ஒரே ஒரு 40 வாட் குண்டு பல்பு. விளக்கைப் போட்டால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பதால் தினத்தாள் ஒன்றைக் கூம்பு மாதிரி சுருட்டி பல்பைச் சுற்றிக் கட்டியிருந்தேன். வெளிச்சம் டிரங்குப் பெட்டிமேல் மட்டும் வட்டமாக விழும். அரைமணி நேரத்தில் தாள் பழுப்பாகிக் கருகல் வாசனை வரும். அந்த வாசனையைத்தான் நான் வெகுநாள் இலக்கியத்தின் வாசனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது டைரி எழுதுகிற பழக்கம் இருந்தது. எத்தனை பக்கம் எழுதினேன், எத்தனை சிகரெட் என்று ஒரு வரி. இந்த வருடம் பரண் சுத்தம் பண்ணும்போது அந்த டைரி அகப்பட்டது. டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: ‘இன்று 6 பக்கம். கதை முடிந்தது. வீடு பூரண அமைதி. இப்படி ஒரு காலை வாய்த்தால் போதும்.’

பெருமையாக அதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: “அமைதியாத்தான் இருக்கும். பாப்பா நாலே முக்காலுக்கே சிணுங்கிட்டா. நீங்க நல்லா எழுதிட்டிருந்தீங்க. நான் தூக்கிட்டுப் போய் வாசப்படியில உட்கார்ந்துக்கிட்டேன். புடவைத் தலைப்பைச் சுத்தி அவளை மூடிக்கிட்டு. பால்காரர் வந்து, ஏம்மா பனியில உட்கார்ந்திருக்கேன்னு கேட்டார்.”

மார்கழி மாதம். ஒன்றே கால் மணி நேரம். நான் ஆறு பக்கம்.

அன்றைக்கு மட்டுமா என்று கேட்டேன். “எல்லாத்தையும் யார் எண்ணிட்டிருந்தா” என்று கீரைக்குத் திரும்பிவிட்டாள். என் டைரியிலோ மொத்தம் பதினோரு இடத்தில் ‘அமைதி’ என்று இருக்கிறது. அந்தக் கதை என்ன கதை என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். மனைவியைக் கண்கொண்டு பார்க்காத ஒரு குமாஸ்தாவின் கதை. பெண் மனதை நுட்பமாகச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது இரண்டு பேர் கடிதம் எழுதினார்கள்.

இதையே நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் உங்கள் மிக்ஸி வந்தது. அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

ஆண்டனி டிராலப் என்று 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஒருவர். தபால் இலாகாவில் அதிகாரி. 1852-இல் சேனல் தீவுகளில் தெருவோரத் தபால் பெட்டி வந்தது அவர் யோசனையில்தான். வேலையில் இருக்கும்போதே எழுதத் தொடங்கி, மொத்தம் 47 நாவல் எழுதினார். காலை 5.30 மணிக்கு மேசையில் இருப்பார், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதுவார். நேர மேலாண்மை வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவர் இறந்த மறுவருடம், 1883-இல் வெளிவந்த சுயசரிதையில் அவரே இன்னொரு விஷயத்தையும் எழுதி வைத்திருக்கிறார். அவரை எழுப்புவதற்கென்று வயதான குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். அந்த வேலைக்காக வருடத்துக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். அந்தக் கிழவர் எஜமானுக்கும் முன்னால் எழுந்து காபியோடு வந்து நிற்பார், அத்தனை வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை. என் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்கிறார் டிராலப்.

அவருக்கு ஐந்தரை என்றால் அந்தக் கிழவருக்கு ஐந்து. லண்டன் பக்கத்துக் குளிரில். ஆனால் டிராலப் அந்த மணி நேரத்தை விலை கொடுத்து வாங்கினார், கணக்கும் எழுதி வைத்தார். நான் சும்மா எடுத்துக்கொண்டேன், மழை பெய்த மாதிரி ‘அமைதி வாய்த்தது’ என்று டைரியில் எழுதினேன். நீங்கள் ‘கிடைக்கமாட்டேன் என்கிறது’ என்று எழுதுகிறீர்கள். நேரம் எங்கே தம்பி கிடைக்கும்? தெருவில் கிடக்கிற எட்டணாவா? அந்த வீட்டில் இருக்கிற மணி எல்லாம் ஏற்கெனவே யார் கையிலோ இருக்கிறது. உங்களுக்கு ஒன்று வேண்டுமென்றால் இன்னொருவர் தன்னுடையதைத் தர வேண்டும். உங்கள் வீட்டில் அது அம்மா இல்லை, மூன்று வயதுப் பையன் இல்லை. யார் என்று உங்களுக்கே தெரியும்.

கேளுங்கள். ‘எழுதணும், கொஞ்சம் ஒத்துழை’ என்று பொதுவாகக் கேட்டால் ‘எழுதுங்களேன், யார் வேண்டாம்னா’ என்று பதில் வரும். அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. பால் கணக்கு மாதிரிக் கேளுங்கள்: செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், ஐந்திலிருந்து ஆறரை வரை எனக்கு வேண்டும். பதிலுக்கு மற்ற நாட்களில் அந்த ஒன்றரை மணி நேரம் அடுப்படி என்னுடையது, ஷிஃப்ட் மாறினால் மாலையில் ஈடுகட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க குழந்தைகளும் என்னுடையவர்கள். அந்தக் காலையை அவர் என்ன செய்கிறார் என்று கேட்கக் கூடாது. தூங்கலாம், விடைத்தாள் திருத்தலாம், சும்மா சுவரைப் பார்த்து உட்காரலாம். ஒருவேளை அவரிடமும் ஒரு 140 பக்கம் இருக்கலாம், நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

அடுப்படி என்னுடையது என்றால் முழுக்க உங்களுடையது. நடுவில் நின்றுகொண்டு ‘பொட்டுக்கடலை எங்கே இருக்கு’ என்று கூப்பிட்டுக் கேட்டீர்களென்றால் அவர் தூக்கம் போயிற்று, உங்கள் உபகாரமும் போயிற்று. டப்பாக்களைத் திறந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள். எல்லா டப்பாவும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் கடுகு இருக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு. தேங்காய் துருவும்போது கதை நகரும். கை வேலையில் இருக்கும், தலை சும்மா இருக்கும். 140-ஆம் பக்கத்தில் நிற்கிற ஆள் வாயைத் திறந்து ஏதாவது சொல்வான். ஆபீஸ் மெயில் பார்க்கும்போது அவன் வர மாட்டான், நானும் பார்த்துவிட்டேன்.

கேட்பதற்கு ஆளே இல்லாதவர்களும் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா, எல்லோரும் தூங்கியபிறகு கழிவறையில் நின்றுகொண்டு எழுதினார். எழுதிய தாளை ஒளித்து வைத்தார். அவருடைய அம்மாதான் கவிதைகளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். சல்மாவுக்கு ‘நேரம் கொடு’ என்று கேட்க வாய்ப்பில்லை, கேட்டால் பேனாவும் போயிருக்கும். உங்களுக்குக் கேட்கிற இடம் இருக்கிறது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதற்கு மிக்ஸிமேல் பழி.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் பேசுகிறேன். அந்தச் சத்தத்தில் உங்களால் எழுத முடியவில்லை என்கிறீர்களே, அது சத்தத்தால் வருவது என்று நான் நம்பவில்லை. தொழிற்சாலையில் இருக்கிறவருக்குச் சத்தம் புதிதா என்ன? அங்கே ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று எங்கேயோ உறுத்துகிறது. 1987-இல் எனக்கு உறுத்தவில்லை. அதனால் சுகமாக ஆறு பக்கம் எழுதினேன். அந்த அளவில் நீங்கள் என்னைவிட நல்ல ஆள்.

மூன்றாவது கேள்வி. கனடாவின் ஆலிஸ் மன்றோ குழந்தைகள் மதியம் தூங்குகிற நேரத்தில் எழுதியவர். நாவலுக்கு நேரமில்லை, அதனால்தான் சிறுகதை என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் தொகுப்பு 1968-இல் வந்தபோது அவருக்கும் 37 வயது. 2013-இல் நோபல் பரிசு. (அவர் வீட்டில் நடந்ததைப் பற்றி 2024-இல் அவருடைய மகள் எழுதியதைப் படித்தபிறகு அவரைக் குடும்பத்துக்கு உதாரணம் காட்ட எனக்கு வாய் வரவில்லை. எழுதின விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.) ஆகவே நாவலை ஓரமாக வையுங்கள். செத்தால் சாகட்டும், குடிமுழுகிப் போகாது. உயிர் இருந்தால் தேங்காய்த் துருவலில் வந்து நிற்கும்.

இதை வெளியிடும் முன் அவளிடம் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை இல்லை, அரைக்கீரை என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: பனியில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டது பால்காரர் இல்லையாம், கோலம் போட வந்த பக்கத்துப் போர்ஷன் அக்காவாம். பால்காரர் ஒன்றும் கேட்கவில்லை, பாலை ஊற்றிவிட்டுப் போனார்.