உளவியல் வகுப்பில், இலக்கியம் வீட்டில்

கேள்வி: என் மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசுப் பள்ளி, 600க்கு 521 மதிப்பெண். ஆங்கில இலக்கியமும் உளவியலும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெங்களூரில் அப்படி ஒரு படிப்பு இருக்கிறதாம். அவ்வளவு தூரம் அனுப்பத் தெம்பும் இல்லை, காசும் இல்லை. ஒரே சமயத்தில் இரண்டு டிகிரி படித்தால் செல்லாது, பேசாமல் பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். என்று போகச் சொல் என்கிறார் என் கொழுந்தனார். மதுரையில் இருந்துகொண்டே இரண்டையும் படிக்க வழி உண்டா?
திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, முதலில் உங்கள் கொழுந்தனார் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அது ஒரு காலத்தில் சரிதான். 2022 ஏப்ரலில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விதியை மாற்றியது. நேரம் மோதாமல் இருந்தால் இரண்டு பட்டப்படிப்புக்கும் நேரிலேயே வகுப்புக்குப் போகலாம். ஒன்றை நேரிலும் இன்னொன்றைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். இரண்டையும் தொலைதூரத்திலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். அதற்கு முன்னால் படித்தவர்களுக்கு இந்த விதி முதலில் பொருந்தவில்லை, 2025 ஜூனில் அதையும் யுஜிசி மாற்றி, அவர்களின் பட்டங்களும் செல்லும் என்றது. உங்கள் கொழுந்தனாருக்குத் தெரிந்த யாராவது சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டியிருந்தால், அது அந்தக் காலத்துக் கதையாக இருக்கும்.

ஆனால் உங்கள் மகள் கேட்கிற ஜோடியில் ஒரு முடிச்சு இருக்கிறது. உளவியலைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ படிக்க முடியாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து அந்த வழியில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று 2021இல் வந்த சட்டத்தின் கீழ் உளவியலும் வருவதுதான் காரணம். நாளைக்கு ஒரு நோயாளிக்கு எதிரே உட்காரப் போகிறவர் தபாலில் பாடம் வாங்கிப் படித்தால் போதுமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆங்கில இலக்கியத்துக்கு அந்தத் தடை இல்லை. அதனால் கதவு ஒரு பக்கமாகத்தான் திறக்கும்: உளவியலைக் கல்லூரியில் போய்ப் படிக்கட்டும், இலக்கியத்தைத் தொலைதூரத்தில் வைத்துக்கொள்ளட்டும். பலர் இதைத் தலைகீழாகத் திட்டம் போட்டு என்னிடம் வருகிறார்கள். ஒரு பையன் ஏதோ ஒரு ஸ்டடி சென்டரில் உளவியலுக்கு மூன்று வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டிவிட்டு, ரசீதோடு வந்து உட்கார்ந்தான். ரசீதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. பணம் திரும்ப வரவில்லை.

இரண்டையும் நேரிலேயே படித்தால் என்ன என்று உங்கள் மகள் கேட்பாள். மதுரைக் கல்லூரிகள் சிலவற்றில் காலை ஷிப்ட், மதியம் ஷிப்ட் இருப்பதால், காகிதத்தில் பார்த்தால் முடியும் போலத்தான் தெரியும். நடைமுறையில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான் உண்டு, அதன் அசலை இரண்டு கல்லூரியும் கேட்கும். செமஸ்டர் தேர்வு ஒரே நாளில் விழுந்தால் யாரும் தள்ளிவைக்கப் போவதில்லை. திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையத்துக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து ஒரு டவுன் பஸ், மதியம் இன்னொரு கல்லூரி, இருட்டியபின் வீடு. ஆறு மாதத்தில் பிள்ளை இளைத்துப் போகும்.

பெங்களூர் விஷயத்தில் அவள் சொல்வது பொய் இல்லை. அங்கே சில கல்லூரிகளில் இரண்டு மூன்று பாடங்களைச் சமமாக வைத்துப் படிக்கும் வழக்கம் ரொம்ப நாளாக உண்டு. நம்ம ஊர் அமைப்பு வேறு. பார்ட் ஒன்றில் தமிழ், பார்ட் இரண்டில் ஆங்கிலம், பார்ட் மூன்றில் ஒரே ஒரு முதன்மைப் பாடமும் அதன் சார்புப் பாடங்களும். பார்ட் இரண்டில் ஆங்கிலம் வருகிறதே என்று நினைக்க வேண்டாம், அது மொழிப் பயிற்சி. நாலு கவிதையும் இரண்டு கதையும் இருக்கும், அவ்வளவுதான். கூட்டுப் பட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டு அரசு வேலைக்கு விண்ணப்பித்தால், பட்டத்தின் பெயர் அறிவிப்பில் இருக்கிற பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் 'இணையான படிப்பு' என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். அந்த அரசாணைக்காக அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். தனித்தனியாக இரண்டு பட்டம் என்றால் இந்தத் தலைவலி குறைவு.

இங்கிலாந்தில் உளவியலும் ஆங்கிலமும் சேர்ந்த கூட்டுப் பட்டம் சாதாரணமாகக் கிடைக்கிறது. அங்கேயும் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்கிறார்கள். உளவியல் பங்கு போதாவிட்டால் மேலே தொழில் பயிற்சிக்கு நேராகப் போக முடியாது. ஆக, சேர்த்துப் படித்தால் இரண்டும் அரை அரையாக நிற்கிற ஆபத்து எந்த ஊரிலும் உண்டு.

இப்போது முக்கியமான விஷயம். உளவியல் என்றால் என்ன என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா? மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கல்லூரியில்தான் அந்தப் பாடத்தை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். கனவு, காதல், மனிதர்களின் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். முதல் வருடமே நரம்பு மண்டலம் வரும். அப்புறம் புள்ளியியல் வரும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு என்று பக்கம் பக்கமாகப் போட வேண்டும். ஆய்வகம் உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு. அம்புக்குறி போட்ட இரண்டு கோட்டில் எது நீளம் என்று 20 பேரிடம் கேட்டு, எத்தனை மில்லிமீட்டர் ஏமாந்தார்கள் என்று அட்டவணை போடுவார்கள். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கியதிலிருந்து இந்தத் துறைக்கு அளப்பதுதான் பிழைப்பு. இலக்கியத்துக்காக உளவியலை விரும்புகிற பிள்ளைகள் இந்த இடத்தில்தான் முகம் சுளிப்பார்கள். கணக்கு என்றால் ஓடுகிறவளா என்று அவளிடமே கேளுங்கள். ஆமாம் என்றால், ஆங்கில இலக்கியத்தை முதன்மையாக எடுத்துக்கொண்டு, உளவியலை விருப்பப் பாடமாகக் கிடைக்கிற அளவுக்குப் படிப்பதே அவளுக்கு நல்லது. தல்லாகுளத்திலிருந்து தெப்பக்குளம் வரைக்கும் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கும் பழைய நல்ல கல்லூரிகளுக்கு மதுரையில் பஞ்சமில்லை. உளவியல் பட்டப்படிப்பு இருக்கிற கல்லூரிகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

சரி, இரண்டும் சேர்ந்து என்ன பயன்? கதை படித்தால் அடுத்தவர் மனசு புரியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, இலக்கியத் தரமான கதையைக் கொஞ்ச நேரம் படித்தவர்களுக்கே அந்தத் திறன் கூடியதாகச் சொன்னது. உலகமெல்லாம் அதைக் கொண்டாடினார்கள். பின்னால் வேறு குழுக்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே அந்தக் காரணத்துக்காக யாரும் இரண்டு டிகிரி படிக்க வேண்டாம்.

நான் கண்ட பயன் வேறு. நானே ஆங்கிலம் படித்துவிட்டு, பிறகு உளவியலுக்குப் போனவன். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுகிற ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதைத் தமிழில் கேட்க வேண்டும். 'மனச்சோர்வு' என்ற வார்த்தையை உசிலம்பட்டியிலிருந்து வருகிற ஒரு பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் "நெஞ்சுக்குள்ள அடைக்குது", "ஒடம்பெல்லாம் எரியுது", "எதுலயும் மனசு ஒட்டல" என்பார். எரிச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், ஒரு வருடம் யாருக்கும் விஷயம் தெரியாது. இந்தப் படிவங்களைத் தமிழாக்கும்போது ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார், இரண்டையும் வைத்து எங்கே அர்த்தம் வழுக்கியது என்று பார்ப்பார்கள். உளவியல் மட்டும் தெரிந்தவருக்கு வழுக்கல் தெரியாது. மொழி மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி எதை அளக்க வந்தது என்று தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம்.

இதில் ஒரு சின்ன சந்தோஷத்தைச் சொல்லாமல் போக மனசில்லை. மனிதர்கள் எல்லோருக்கும் பொதுவானவை என்று பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆறு உணர்ச்சிகளைச் சொன்னார்: கோபம், பயம், துக்கம், மகிழ்ச்சி, வியப்பு, அருவருப்பு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு சொல்கிறது. அதிலிருந்து நகையையும் பெருமிதத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் வெகுளி, அச்சம், அழுகை, உவகை, மருட்கை, இளிவரல். உடனே "நாங்கள் அப்போதே சொன்னோம்" என்று மீசையை முறுக்க வேண்டாம். இளிவரலும் அருவருப்பும் ஒன்றல்ல. இளிவரலில் தனக்கு நேர்ந்த சிறுமையும் அடங்கும். வறுமைப்பட்டு ஒருவன் கூனிக்குறுகுவதை ஆங்கிலத்து அருவருப்பில் எங்கே வைப்பது? இந்த வித்தியாசத்தில் ஒரு முழு ஆய்வே ஒளிந்திருக்கிறது. இரண்டு துறையிலும் கால் வைத்த பிள்ளைக்குத்தான் அது கண்ணில் படும்.

வேலைக்கு வருவோம். இளங்கலை உளவியலோடு யாரும் சிகிச்சை தர முடியாது. மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை வைக்க, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். இதுவரை அது பெரும்பாலும் முதுகலைக்குப் பிறகு இரண்டு வருட எம்.பில். ஆக இருந்தது. எம்.பில். பட்டத்தையே யுஜிசி எடுத்துவிட்டு, மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 வரை விட்டுவைத்தது. உங்கள் மகள் அந்த இடத்துக்குப் போகும்போது படிப்பின் பெயர் வேறாக இருக்கும், உழைப்பு குறையாது. மொத்தம் ஏழு வருடம் என்று இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டால் மனிதவளம், பயனர் ஆய்வு, பாடநூல் தயாரிப்பு, தொண்டு நிறுவனங்கள் என்று வழி இருக்கிறது. அங்கெல்லாம் நல்ல ஆங்கிலம் கைகொடுக்கும்.

பி.எட். பற்றி ஒரு எச்சரிக்கை. ஆசிரியர் வேலைக்கு ஆங்கிலம் எடுபடும், உளவியல் அவ்வளவு எடுபடாது. ஆனால் இளங்கலையில் உளவியல், முதுகலையில் ஆங்கிலம் என்று போனால், 'கிராஸ் மேஜர்' என்று ஒதுக்கிவிடுவார்கள். அரசு ஆசிரியர் வேலைதான் குறி என்றால் இளங்கலையிலும் ஆங்கிலம் வேண்டும். அப்படியானால் இரண்டு பட்டத்தையும் ஒரே காலத்தில் படிக்காமல் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது பத்திரம். விதி அனுமதித்தாலும், சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் வாதாடி ஜெயிக்கிற பொறுமை எல்லோருக்கும் இருக்காது. வேலை அந்தப் பக்கம் இல்லை, ஆசைக்குத்தான் இலக்கியம் என்றால், உளவியலை முடித்துவிட்டு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக எம்.ஏ. ஆங்கிலம் சேரலாம். எந்தப் பட்டம் இருந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள், மதுரையிலேயே மண்டல மையம் இருக்கிறது.

உங்கள் மகள் இப்போதே இரண்டையும் தொடங்கியே தீருவேன் என்றால், முதல் வருடம் உளவியலை மட்டும் படிக்கட்டும். புள்ளியியலும் ரெக்கார்டு நோட்டும் பழகிய பிறகு, இரண்டாம் வருடத்தில் பி.ஏ. ஆங்கிலத்தைத் தொலைதூரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், இன்னொரு படிப்புக்குத் தடையில்லை என்று கல்லூரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், யுஜிசி வழிவிட்டாலும் அதை நடைமுறைப்படுத்துவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. தொலைதூரத்தில் சேர, யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு தருகிற டெப் ஐடி என்ற எண் கட்டாயம். யுஜிசியின் தளத்தில் மாணவரே இலவசமாக எடுக்கலாம், அதற்கு, பாட கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்ணான ஏபிசி ஐடி முதலில் வேண்டும். யாராவது இதற்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்பை நடத்த அனுமதி என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். தொலைதூரப் படிப்புக்கு அது கிடையாது, கல்லூரியில் நேரில் சேர்ந்த படிப்புக்குத்தான். உளவியலில் சேர்க்கை முடிந்ததும் கல்லூரியிலேயே பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழை ஒப்படைக்கும் முன் நாலு நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள்.