குழந்தை நட்சத்திரமாக நான் சம்பாதித்த பணம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை சில திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் நடித்தேன். கடைசிப் படத்தின் படப்பிடிப்பு 2018இல் நடந்தது. அதன்பின் வாய்ப்பு வரவில்லை. இப்போது எனக்கு இருபது வயது. கல்விக் கடன் வாங்கி பி.காம். படிக்கிறேன். என் சம்பளத்தில் என் பெயரில் வாங்கிய மனையை, எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அப்பா விற்றுவிட்டார். கேட்டால், "உன்னை வளர்த்ததற்கே எல்லாம் செலவாகிவிட்டது" என்கிறார். நான் உரிமை கோர முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நிச்சயமாகக் கோரலாம். ஆனால் உங்களுக்கு இருக்கும் கால அவகாசம் மிகக் குறைவு என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். மைனரின் சொத்தைக் காப்பாளர் விற்றதை ரத்து செய்யக் கோரும் வழக்கை, அந்த மைனர் பதினெட்டு வயதை எட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்று 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 60ஆவது இனம் கூறுகிறது. அதாவது, உங்களுக்கு இருபத்தொரு வயது நிறைவதற்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும். பதினெட்டு வயதான பின் அவர் வழக்குப் போடாமல், அந்த விற்பனையை ஏற்கவில்லை என்பதைத் தன் நடத்தையாலேயே காட்டியதை நீதிமன்றங்கள் ஏற்ற சந்தர்ப்பங்கள் உண்டு. எனினும் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

உங்கள் குடும்பம் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, தந்தையே இயற்கைக் காப்பாளராக இருந்தாலும், மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மீறி விற்றால், அந்த விற்பனையைச் செல்லாததாக்கும் உரிமை மைனருக்கு உண்டு. எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழும், உங்கள் பெயருக்கு வாங்கிய பத்திரம், அப்பா விற்ற பத்திரம் இரண்டின் சான்றிட்ட நகல்களும் உடனே வாங்குங்கள். விற்ற பத்திரத்தில் 'மைனருக்காக அவரது தகப்பனாரும் கார்டியனுமான' என்ற வரிக்குப் பின், எந்த நீதிமன்றம், எந்த மனுவில், எந்தத் தேதியில் அனுமதி தந்தது என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் உங்கள் வழக்கு வலுவானது. 'குடும்பத் தேவைக்காக' என்று மட்டும் எழுதியிருப்பது அனுமதிக்கு ஈடாகாது. மனையை வாங்கியவரையும் வழக்கில் சேர்த்து, சுவாதீனத்தையும் (மனையை உங்கள் கைவசம் ஒப்படைப்பதையும்) சேர்த்தே கேட்க வேண்டும். விற்ற தொகையில் உண்மையிலேயே உங்கள் நலனுக்குச் செலவானது நிரூபிக்கப்பட்டால், அந்தப் பகுதியைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் சொல்லக்கூடும்.

வளர்த்த செலவு பற்றிய உங்கள் தந்தையின் வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. மைனர் பிள்ளைகளைப் பராமரிப்பது பெற்றோரின் சட்டக் கடமை. மகளின் சம்பளம் அந்தக் கடமையிலிருந்து அவர்களை விடுவித்துவிடாது. படப்பிடிப்புக்கான பயணம், நடனப் பயிற்சி போன்ற செலவுகளை அவர் கணக்கில் காட்டலாம். ஆனால் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர்தான். அந்தக் கணக்கைக் கேட்கும் வழக்கையும் இதே கெடுவுக்குள் போடுவதே பாதுகாப்பானது.

சம்பளத்துக்கு ஆதாரம் இல்லையே என்று கலங்க வேண்டாம். பெற்றோரின் வருமானத்தோடு மைனரின் வருமானத்தைச் சேர்க்கும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64(1ஏ) பிரிவு, மைனர் தன் திறமையால் ஈட்டும் வருமானத்துக்கு விலக்களித்திருந்தது. அதாவது, அது உங்கள் வருமானமாகவே கருதப்பட்டது. ஆகவே உங்கள் பெயரில் பான் எண் இருந்து, படக் கம்பெனி டிடிஎஸ் (சம்பளம் தரும்போதே கழித்துக் கட்டும் வரி) பிடித்திருந்தால், வருமான வரித் துறையின் வரிப்பிடித்தப் பதிவான படிவம் 26ஏஎஸ்ஸில் யார், எந்த ஆண்டில், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பதிவாகியிருக்கும்.

கடைசிப் படத்துக்கு மட்டும் இன்னொரு வழியும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017இல் செய்யப்பட்ட திருத்தப்படி, குழந்தை நடிக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதத்தை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். (ஹாலிவுட் சிறுவர் நடிகர் ஜாக்கி கூகன் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் 1938இல் தொடுத்த வழக்குக்குப் பின், 1939இல் கலிபோர்னியாவில் இத்தகைய சட்டம் வந்தது, நம் குழந்தைகளுக்கு இவ்வளவு தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தமே.) அந்த வைப்பு எந்த வங்கியில் இருக்கிறது என்று தயாரிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், படப்பிடிப்பு நடந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அனுமதிக் கோப்பின் நகலைக் கேளுங்கள்.

தந்தையைக் கோர்ட்டுக்கு இழுப்பது மனதுக்குக் கடினமானதுதான். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குக்கு முன்பே இருவரையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். பெண் என்பதால் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரும் உங்களுக்குக் கிடைப்பார். பேச்சு இழுத்துக்கொண்டே போனால், இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போதும் சமரசம் செய்துகொள்ளலாம்.