உயரமான பெண்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகள் போன ஆடியில் டெங்குக் காய்ச்சலில் எங்களை விட்டுப் போய்விட்டாள். பதினாறு வயது. எங்கள் தெருத் தறிக்காரப் பிள்ளைகளுக்குத் தினமும் சாயங்காலம் திண்ணையில் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பாள். அவளிடம் படித்த இருவர் இப்போது அதை நடத்துகிறார்கள். முதலாண்டு நினைவு மலரில் அவளைத் தில்லையாடி வள்ளியம்மையோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். அது சரியா? கட்டுரையை இணைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு முன்னுரை தர வேண்டும்.

ஒரு தாய்மாமன்,
அம்மாப்பேட்டை, சேலம்

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்காவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒப்பிடலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை, அது உங்கள் பிரியம். முன்னுரையை அப்புறம் பார்க்கலாம்.

இரண்டு வாரமாக, தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பற்றிக் காந்தி எழுதிய நூலைத்தான் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் தெருவில் வள்ளியம்மை பெயர் தெரியாத வீடு இருக்காது, கோ-ஆப்டெக்ஸ் தலைமையகக் கட்டடத்துக்கே அந்தப் பெயர்தானே. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, தில்லையாடியைக் கண்ணால்கூடப் பார்க்காத பெண். 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்து மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனாள், வெளியே வந்தபோது கூடவே காய்ச்சலும் வந்தது, 1914 பிப்ரவரி 22 அன்று போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் கிடந்தவளைப் பார்த்த காந்தி, ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்கிறார். இப்போது பிடித்தாலும் போவேன் என்கிறாள். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்குச் சற்று முன்னால் ஒன்று எழுதியிருக்கிறார்: அவள் உயரமான பெண், அதனால் அந்த மெலிந்த உடம்பைப் பார்க்கவே பயங்கரமாக இருந்தது.

உயரமான பெண். அந்த ஒரு சொல்லில்தான் அவள் எனக்குச் சிலையிலிருந்து இறங்கி, கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக் கிடக்கிற பிள்ளையாக ஆனாள்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்கு பக்கத்தில் 'தியாகச் சுடர்' மூன்று இடத்தில், 'தெய்வக் குழந்தை' ஐந்து இடத்தில். அவள் உயரமா குள்ளமா? எப்படிச் சிரிப்பாள்? எந்தப் பிள்ளையை அதிகமாகத் திட்டுவாள்? தூக்கி வளர்த்த மாமன் நீங்கள், உங்களுக்குக்கூடவா ஒன்றும் தோன்றவில்லை? இந்த வார்த்தைகளை எந்த ஊரில் எந்தப் பிள்ளை இறந்தாலும் ஒட்டலாமே!

இவ்வளவு கடுமையாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. ஏற்காட்டில் என்னோடு படித்தவன் ஒருவன் பதினேழு வயதில் இறந்தான், மழைக்காலத்தில், மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைப் படிப்பை விடாமல் பிடித்து இழுத்துப் பள்ளிக்குக் கூட்டி வந்தவன் அவன். இறந்த பிறகு ஊரே 'தங்கமான பையன்' என்றது, நானும் சொன்னேன், வருஷா வருஷம் சொன்னேன். சொல்லிச் சொல்லி அவன் குரலே எனக்கு மறந்துபோனது. பல வருஷம் கழித்து அவன் அம்மாவைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் தங்கம் தங்கம்னுதான் சொல்றாங்க, நீயாவது அவன் பண்ணின சேட்டை ஒண்ணு சொல்லுப்பா" என்றார்கள். பறிப்புக் காலத்தில் காப்பிப் பழத்தை வாயில் போட்டு இனிப்பை உறிஞ்சிவிட்டு, கொட்டையை என் சட்டைக் காலருக்குள் துப்புவான் என்று சொன்னேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. இன்னொன்று சொல்லு, இன்னொன்று சொல்லு என்று விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலைந்துக்கு மேல் என்னிடம் இல்லை, தம்பி. நானே தொலைத்துவிட்டேன்.

உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்று சாயங்காலமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தத் திண்ணைக்குப் போங்கள். ழகரம் வராத பிள்ளையை அக்கா என்ன செய்வாள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லுகிற மாதிரியே, திருத்தாமல் எழுதுங்கள். உங்கள் அக்காவிடமும் கேளுங்கள், அழுவார்கள், பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பிறகு அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். முன்னுரை எழுதுவதற்கு முன் அவளை நானும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.