மகனின் முதலாளியிடம் போகாதீர்கள், வாடகை நீதிமன்றத்துக்குப் போங்கள்

கேள்வி: ஈசூனில் வசிக்கும் நிரந்தரவாசி நான். திருவாரூர் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் அப்பா கட்டிய வீட்டை, அவர் காலமான பிறகு, தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு வாய்ப்பேச்சில் வாடகைக்கு விட்டோம். 11 மாதங்களாக வாடகை வரவில்லை. தீபாவளிக்குப் போகும்போது பூட்டை மாற்றிவிடலாமா? குடியிருப்பவரின் மகன் துவாஸில் வேலை செய்கிறார். அவருடைய முதலாளியிடம் சொல்லிப் பணத்தை வாங்க முடியுமா? 12 ஆண்டு ஆகிவிட்டால் வீடு அவர்களுக்கே போய்விடும் என்கிறார் சென்னையில் இருக்கும் அண்ணன்.

பதில்: முதலில் அந்த மகனை விட்டுவிடுங்கள் அம்மா. வாடகைக்கு வந்தவர் தந்தை, கடன் அவருடையது. மகன் எதற்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடவில்லை. அவர் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரானால், முதலாளி நினைத்தால் அதை ரத்துசெய்துவிடலாம். உங்கள் புகாரால் ஓர் இளைஞர் பிழைப்பை இழப்பார், உங்களுக்கு ஒரு வெள்ளிகூட வராது. மிரட்டும் குறுஞ்செய்திகள் அனுப்பினாலோ, 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். அவராகவே முன்வந்து தந்தையின் பாக்கியைத் தவணையில் தருவதாக எழுதிக்கொடுத்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். இங்கே வழக்குப் போடவும் வழியில்லை. இந்தியாவில் இருக்கும் வீட்டைக் காலிசெய்யச் சொல்லிச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆணையிடாது.

பூட்டை மாற்றுவதும் வேண்டாம். 11 மாதம் பொறுத்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்றினால், பாக்கிக்காரர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார். மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதைத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே தடைசெய்கிறது.

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். வீடு ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் வழியே வேறு, ஆகவே வீட்டு வரி ரசீதைப் பார்த்து இதை முதலில் உறுதிசெய்யுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் உங்கள் கை கட்டப்பட்டிருப்பதாக எண்ண வேண்டாம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே இந்தச் சட்டத்தின் விதி. எழுதிக்கொள்ள இரு தரப்பும் தவறினால், அதையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கலாம். நோட்டீஸ் அனுப்பிய பிறகும் இரண்டு மாத வாடகை பாக்கியைக் கட்டாமலிருப்பது இன்னொரு காரணம். முதலாவது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது; நோட்டீஸ் அனுப்பியும் அவர் கட்டாவிட்டால் இரண்டாவதும் சேர்ந்துவிடும்.

எனவே ஊரிலுள்ள வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பாக்கித் தொகையை மாதவாரியாகக் குறிப்பிட்டு, எழுத்து ஒப்பந்தத்துக்கும் அழையுங்கள். அவர் வந்து பேசினால் ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்துகொள்ளலாம். எனக்கு இதுவே பிடித்த முடிவு. சிற்றூரில் நல்ல வாடகைதாரர் எளிதில் கிடைப்பதில்லை. வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு.

இதற்காக நீங்கள் அடிக்கடி பறக்க வேண்டியதில்லை. அண்ணனும் வாரிசுதான், அவரே மனுப் போடலாம். இருந்தாலும் உங்கள் பங்குக்கும் அவரே செயல்படும்படி ஓர் அதிகாரப் பத்திரம் கொடுத்துவிடுங்கள், ஆட்சேபத்துக்கு இடமிருக்காது. கிரேஞ்ச் சாலையிலுள்ள இந்தியத் தூதரகத்திலோ இங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திடலாம். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். வீட்டை விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். வாடகை, நோட்டீஸ், வழக்கு இவை மட்டும் போதும். வட்டாட்சியரிடம் பெற்ற வாரிசுச் சான்றிதழையும் எடுத்துவையுங்கள்.

அண்ணனின் 12 ஆண்டு பயம் பல குடும்பங்களில் இருக்கிறது. உங்கள் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர், எத்தனை ஆண்டு இருந்தாலும், வாடகைதாரராக இருக்கும்வரை உங்கள் உரிமையை மறுக்க இந்தியாவில் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டம் விடாது. வாடகை உறவை முறைப்படி முடித்த பிறகும் வழக்குப் போடாமல் விட்டால்தான் அந்த 12 ஆண்டு ஓடத் தொடங்கும். நீங்கள் கவனிக்க வேண்டிய கெடு வேறு: ஒவ்வொரு மாத வாடகையையும் அது கட்டவேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கேட்டு வழக்குப் போட வேண்டும். வங்கிக் கணக்கில் கடைசியாக வந்த வாடகையின் பதிவை இன்றே அச்செடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கள். வாடகை உறவு இருந்தது என்பதற்கு இப்போது உங்களிடம் உள்ள சான்று அதுதான்.