சாவு பயமும் பி.பி. மெஷினும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பங்காளி ஒருவர் திடீரென்று மாரடைப்பில் போனதிலிருந்து என் கணவர் (46) ராத்திரி பகல் பார்க்காமல் பி.பி. மெஷினை மாட்டிக்கொள்கிறார். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். தொப்பூர் கணவாயில் விபத்து நடக்கிறது என்று சேலம் போவதையே விட்டுவிட்டார். தைரியம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. – வாசகி, பாலக்கோடு

பதில்: கண்ணெதிரே ஒரு சாவைப் பார்த்தவருக்கு இந்தப் பயம் வரும். கோழைத்தனம் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் டாக்டர் முழுசாகப் பார்த்து கோளாறு இல்லை என்றபிறகும் சோதித்துக்கொண்டே இருப்பதுதான் பயத்துக்குத் தீனி. மெஷினில் 120 வந்தால் சற்று நேரம் நிம்மதி. அதோடு, ‘பார்த்ததால்தான் தப்பித்தேன்’ என்று மனசு பழகிக்கொள்கிறது. படபடப்போடு பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். நீங்கள் நாள் முழுக்க ‘ஒண்ணும் ஆகாதுங்க’ என்பதும் மெஷின் செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

மெஷினை ஒளித்துவைக்காதீர்கள், மருந்துக்கடையில் போய்ப் பார்த்துக்கொள்வார். முதல் வாரம் எத்தனை முறை பார்க்கிறார் என்று அவரே நோட்டில் எழுதட்டும். அடுத்த வாரம், பார்க்கத் தோன்றினால் 15 நிமிடம் தள்ளிப்போடட்டும். பிறகு அரை மணி. பீதி பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். மெஷின் இல்லாமலே அது இறங்குவதை அவர் அனுபவிக்க வேண்டும், மருந்தே அதுதான். கடைசியில் டாக்டர் சொன்ன நாளில் மட்டும் பார்த்தால் போதும். அதற்கு முந்தைய அரை மணி காபி, பீடி கூடாது. முதுகைச் சாய்த்து 5 நிமிடம் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை.

சேலத்துக்கும் படிப்படியாகத்தான். முதலில் பஸ்ஸில் நல்லம்பள்ளி வரை. பயம் பாதியாகும்வரை அதே தூரம். அப்புறம் பாளையம்புதூர் டோல்கேட், பிறகு கணவாய் இறங்கித் தொப்பூர். பயந்து நடுவழியில் இறங்கினால் பயம் இன்னும் ஊன்றிவிடும். அதனால் முடிக்கக்கூடிய தூரத்தையே எடுங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி, வேர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் வந்தால் ‘பயம்தான்’ என்று ஒதுக்காமல் 108-ஐ அழையுங்கள். தூக்கமும் வேலையும் கெட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்.

கேள்வி: உயில் என்றாலே அப்பா (72) ‘என்னைச் சாகச் சொல்றியா’ என்று எழுந்து போகிறார். மாந்தோப்பு அவர் பேரில் இருக்கிறது. – வாசகர், போச்சம்பள்ளி

பதில்: உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சாவிலிருந்து பேச்சைத் தொடங்காமல் பட்டாவிலிருந்து தொடங்குங்கள். உயிரோடு இருக்கும்வரை தோப்பு அவருடையதுதான், உயிலை எத்தனை முறையும் மாற்றலாம் என்பதை முதலில் சொல்லுங்கள். பாதிப் பிடிவாதம் அங்கேயே தளரும்.

முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சாட்சிகள் 2 பேர். அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அவர் முன்னிலையிலேயே இவர்களும் போட வேண்டும். சொத்து பெறுகிறவர் சாட்சியானால் சந்தேகம் கிளம்பும். சாட்சிகள் அப்பாவைவிட இளையவர்களாக இருக்கட்டும். வழக்கென்று வந்தால் ஒருவராவது கோர்ட்டில் சொல்ல வேண்டும். பூர்விகச் சொத்தென்றால் தன் பங்கை மட்டுமே எழுத முடியும். சர்வே எண்ணைப் போட்டு உட்பிரிவை விட்டுவிடாதீர்கள். போர்வெல், கரண்ட் சர்வீஸ், தோப்புக்குப் போகும் வண்டிப்பாதை யாருக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அண்ணன் தம்பி சண்டை பெரும்பாலும் அதில்தான் கிளம்பும்.